ஓசி விரல்

கை நீட்டுகிறவர்களில் பல ரகம் உண்டு. கடன் கேட்டு நீட்டுகிறவர், லஞ்சம் கேட்டு நீட்டுகிறவர், கோபம் வந்தால் அடிக்க நீட்டுகிறவர் என்று இவர்களை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லப் போவது ஒரே ஒரு விரலை மட்டும் நீட்டுகிறவரைப் பற்றி. இடது கையின் மோதிர விரல். சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், மேஜைமேல் சர்க்கரை பார்க்கிற மெஷின் வைத்த அந்தக் கறுப்பு ஜிப் பை கண்ணில் பட்ட மாத்திரத்தில் அந்த விரல் தானாக எழுந்து முன்னால் வரும். கூடவே ஒரு வசனமும் வரும். "அப்படியே எனக்கும் ஒரு தடவை பாத்துடேன்."

இவருக்கு ஓசி விரல்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான பெயர் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மாற்ற மாட்டேன்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இவருக்குச் சர்க்கரை கிடையாது. சர்க்கரை இருக்கிறவர்கள் ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாவம், தினமும் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்கும். இவரோ பந்திக்கு உட்காருகிற மாதிரி ஆசையாக வந்து உட்காருவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடக்குவார். குத்தப் போவது விரல் நுனியில், முழங்கைக்கு அங்கே என்ன வேலை? கேட்கக் கூடாது. "புது ஊசிதானே?" என்பார். "வலிக்காதே?" என்பார். குத்துவதற்கு முன்னாலேயே "ஸ்ஸ்" என்பார். எண் வருகிற வரைக்கும் மூச்சை அடக்கி, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார். எண் நன்றாக வந்தால் அது அவருடைய ஒழுக்கம். கொஞ்சம் ஏறியிருந்தால் மெஷின் கோளாறு. "இது சரியா உறிஞ்சல, இன்னொரு ஸ்டிரிப் போடு" என்பார். அதிலும் ஏறியிருந்தால் வலது கையில் பார்க்க வேண்டும். வலது கையில் ஓடுவது வேறு யார் வீட்டு ரத்தமோ?

ஒரு ஸ்டிரிப்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான அந்தத் துண்டின் மேல் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் அதன் ஆயுசு முடிந்தது. கழுவிக் காயவைத்து மறுபடி வைக்கிற சாமான் இல்லை அது. அதன் அருமை என் மருமகளுக்குத் தெரியும்.

என் மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஸ்டியரிங்கைத் தொடுமுன் விரலைக் குத்தி, வந்த எண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போனில் அனுப்ப வேண்டும். எண் போகவில்லையென்றால் சாவி வராது. பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சர்க்கரை திடுமென்று இறங்கி இவளுக்குக் கண் இருட்டினால்? பள்ளிக்கூடம் பயப்படுவதில் தப்பே இல்லை.

ஆகையால் அவள் வேலை அந்த ஸ்டிரிப்பில் நிற்கிறது; ஸ்டிரிப்போ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தயவில் நிற்கிறது. முதலில் கேட்டபோது அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இத்தனை ஸ்டிரிப் எதற்கு, கட்டுக்குள் இல்லையென்றால் ஸ்டிரிப் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார்கள். இப்படி ஒரு கேள்வியைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. டாக்டர் திரும்பத் திரும்ப எழுதிக்கொடுத்த பிறகு, மாதம் நாலு டப்பா என்று இறங்கி வந்தார்கள். கையிலேயே ஒட்டிக்கொள்கிற சென்சார் ஒன்று இருக்கிறது, விரலைக் குத்த வேண்டியதில்லை. அதைக் கேட்டதற்கு, அது சொகுசு என்று பதில் வந்தது. சொகுசாம். ஒருநாள் அவர்கள் விரலை நீட்டட்டும், நான் குத்துகிறேன்.

அந்த நாலு டப்பாவுக்குத்தான் எங்கள் வீட்டு ஓசி விரல்காரர் பங்குக்கு வந்தார்.

அவர் என் மகளுடைய மாமனார். என் சம்பந்தி. வேறு யாராவது என்றால் வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். சம்பந்தியிடம் வாயைத் திறக்க முடியுமா? அவர் வீட்டில் என் மகள் இருக்கிறாளே. இந்த இனத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள், இல்லை என்று சொல்ல முடியாத வீடாகப் பார்த்துத்தான் விரல் நீளும். பெரிய கிடங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓர் ஆணி குறைந்தாலும் வாட்ச்மேன் சட்டைப்பையைத் துழாவிவிடுவாராம். அதை அவரே பெருமையாகச் சொல்வார். பிறத்தியார் சாமானில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு.

காலை நடை எங்கெங்கோ சுற்றி எங்கள் வாசலில் வந்து முடியும். முதல் டிரிப் போய்த் திரும்பின மருமகள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பாள்.

"என்னம்மா, இன்னிக்கு உனக்கு எவ்வளவு?"

"இருநூத்திப் பத்து, மாமா."

"ச்சு ச்சு. எங்க, எனக்குப் பாரு." விரல் வரும், ஊசி இறங்கும், எண் வரும். "தொண்ணூத்தி நாலு! பாத்தியா? வாயைக் கட்டணும்மா. நான் என்ன மந்திரமா போடறேன்?"

ஸ்டிரிப் அவளுடையது, ஊசி அவளுடையது, பஞ்சு அவளுடையது. புத்திமதி மட்டும் அவருடையது. அதை அவர் தாராளமாகக் கொடுப்பார். பிறகு எங்கள் வீட்டிலேயே பலகாரம் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க எங்கள் மின்விசிறிக்குக் கீழே எங்கள் பேப்பரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"நீங்களே ஒரு மெஷின் வாங்கி வச்சுக்கலாமே சம்பந்தி?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எனக்கு எதுக்கு சம்பந்தியம்மா? எனக்கு என்ன வியாதியா?"

"இன்ஷூரன்ஸாவது எடுத்து வச்சுக்கலாம்."

"அதெல்லாம் நோயாளிங்களுக்கு."

சென்சாருக்கு மறுபடி எழுதிப் போட்டிருப்பதாக மருமகள் அவரிடம் சொன்னாள். சொல்லாமல் சொல்லிப் பார்த்தாள், பாவம்.

"கையிலயே ஒட்டிக்குமா?" என்றார்.

"ஆமா மாமா."

"கழட்டி மாட்ட முடியாதா?"

"முடியாது மாமா."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்போ ரெண்டு பேருக்கு எப்படிம்மா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மெஷினைக் கொண்டுவரச் சொல்லி இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அவ்வப்போது பரிசோதிப்பார்களாம். நானும் கூடப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மெஷினில் ஒரு ஒயரைச் செருகினாள். அது பொல்லாத மெஷின். பார்த்த எண் ஒன்றையும் மறக்காது. யார் விரல் என்பதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளாது.

அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள். "வாழ்த்துகள் மேடம்! பாதிக்கு மேல தொண்ணூறு, நூறுன்னுதான் இருக்கு. ரொம்ப நல்ல கன்ட்ரோல். இனிமே மாசம் ஒரு டப்பா போதும்னு சிஸ்டம் சொல்லுது."

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அது அவ ரத்தம் இல்லம்மா. எங்க சம்பந்தி ரத்தம்."

சிரிப்பு அணைந்துவிட்டது. "வேற ஆளுக்கு யூஸ் பண்ணீங்களா? அப்படின்னா மொத்தமா நிறுத்தணும். அவரே நேர்ல வந்து, அதெல்லாம் என்னோடதுன்னு சொன்னா ஒரு தடவை மன்னிச்சு விடுவாங்க. இல்லன்னா ஒரு டப்பாதான்."

எவ்வளவு எளிய காரியம்! அத்தனை நாள் நீட்டின விரலை இன்னும் ஒரு நாள் அந்த ஆபீசில் நீட்டி, இது என்னுடையது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதானே? சம்பந்தியிடம் போய் நின்றோம்.

"நான் வந்து சொல்றதா? என் பேரு கம்ப்யூட்டர்ல ஏறிடுமே! சுகர் பாத்த ஆளுன்னு எழுதிட்டான்னா, நாளைக்கு நான் ஒரு பாலிசி எடுக்கப் போனா?"

"அதெல்லாம் நோயாளிங்களுக்குன்னீங்களே?"

"அது வேற, இது வேற சம்பந்தியம்மா." பிறகு மருமகளைப் பார்த்துச் சொன்னார், "என் ரீடிங் போனதாலதான உன்னைப் பாராட்டியிருக்கான்? அதை நினைச்சு சந்தோஷப்படும்மா."

கேட்டீர்களா? விரலுக்கு இருந்த தைரியம் ஆளுக்கு இல்லை.

ஐம்பது ஸ்டிரிப் இருக்கிற ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு தினம் மூன்று டிரிப் ஓட்ட முடியாது. மருமகள் சாயங்கால டிரிப்பை விட்டாள். வேறொரு டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டர்தான் வழி கண்டுபிடித்தார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதை எடுத்து கம்பெனிக்கு அனுப்பினார். அந்தச் சராசரிக்குள் எந்தச் சம்பந்தியும் விரல் விட முடியாது. நாலு டப்பா திரும்பி வந்தது. சாயங்கால டிரிப் திரும்பி வரவில்லை.

ஆனால் சம்பந்தி வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து, சட்டைக் கையை மடக்கினார். "டப்பா வந்துடுச்சாமே? அப்போ ஒரே ஒரு தடவை."

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பையை எடுத்து ஜிப்பைத் திறந்தாள். "உக்காருங்க மாமா. முழுப் பேர் சொல்லுங்க. பிறந்த தேதியும்."

"எதுக்கும்மா?"

"மெஷின் இப்ப விரல் யாரோடதுன்னு கேக்குது மாமா. சொன்னா நேரா கம்பெனிக்குப் போயிடும்."

மெஷின் அதே பழைய மெஷின். விரல் பாதி வழியில் நின்றது. அப்படியே மேலே போய்க் காதைச் சொறிந்தது. "வர்ற வழில பழம் சாப்பிட்டுட்டேன். இன்னிக்குச் சரியா காட்டாது" என்று எழுந்து போனார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்திருக்கிறதாம். சம்பந்தியின் காலை நடை இப்போது அங்கே முடிகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சம்பந்தி மாதிரி ஆட்களை உங்களுக்கும் தெரியும், இல்லையா? மாடி வீட்டுக்காரர், ஆபீசில் அடுத்த மேஜைக்காரர் என்று வரிசையாக ஞாபகம் வரும். வரட்டும். ஆனால் போன தடவை உங்கள் அத்தை வீட்டிலோ சிநேகிதர் வீட்டிலோ அந்தக் கறுப்புப் பை திறந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? சும்மா ஒரு தடவைதானே என்கிறீர்களா? சம்பந்தியும் அதைத்தான் சொன்னார். எதற்கும் உங்கள் இடது கையைத் திருப்பி, மோதிர விரலின் நுனியைப் பாருங்கள். ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தெரிகிறதா?

அது யார் வீட்டு ஊசி?