மோதிரக் கல் இரண்டு படி பச்சைக்குப் போன விவரம்

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கு நான் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது; எழுதிவிட்டேன், மற்றதைக் கீழே பார்த்துக்கொள்ளவும். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. பதினெட்டு நாளாக உங்கள் தங்கை அங்கே இருக்கிறாள். அவள் இருக்கிற வீட்டில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடாமலோ மாத்திரை போடாமலோ தப்பிக்க முடியாது.

தினமும்தான் போன் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "ம்" என்பீர்கள், நான் "ம்" என்பேன், பின்னாலிருந்து பாத்திரச் சத்தம் கேட்கும், அவள்தான் என்று தெரியும், அவளிடம் கொடுக்கட்டுமா என்று கேட்பீர்கள், வேலையாக இருப்பாள், இருக்கட்டும் என்று வைத்துவிடுவேன். இப்படிப் பதினெட்டு தடவை ஆகிவிட்டது. அவள் ஏன் வந்தாள் என்று உங்களிடம் சொல்லியிருக்கவும் மாட்டாள், அண்ணனைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது என்றிருப்பாள். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, கடிகாரம் பழுது பார்க்கும்போது கண்ணில் மாட்டுவீர்களே, அந்த லென்ஸை மாட்டிக்கொண்டு அவள் மோதிரத்தில் இருக்கும் கல்லை ஒருமுறை பார்த்து, நான் எழுதியிருப்பது சரிதான் என்று எடுத்துச் சொல்லி, அவளை அனுப்பிவைக்க வேண்டும். கடிதத்தின் நோக்கம் இவ்வளவே.

என் வேலை உங்களுக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் பெயின்ட் தொழிற்சாலையில் ஷேடு பார்த்தவன். போன மாதம் போன டின்னும் இந்த மாதம் போகிற டின்னும் ஒரே நீலமா என்று வடக்குப் பார்த்த ஜன்னலோரம் நின்று சொல்ல வேண்டும். முதலாளியே வந்து கெஞ்சினாலும், நிறங்களை வரிசையாக அடித்து வைத்த ஷேடு கார்டில் அரைப் படி வித்தியாசம் இருந்தால் "மாறியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கு என் தலையில் விடிந்திருக்கிறது. ஓய்வு பெற்று வந்த அன்று நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உங்கள் தங்கை, "ஊருக்கெல்லாம் நீலம் பாத்துக் குடுத்தீங்க, எனக்கு ஒரு நீலக் கல்லு மோதிரம் வாங்கிக் குடுங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கேட்காமல் அவளே வாங்கிக்கொண்டாள், எனக்கும் சேர்த்து. சரி, நீலம்தானே, நமக்குத் தெரியாத நீலமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன்.

அங்கே கல் பிரிவில் இருந்த அம்மா ஒரு தட்டு நிறைய நீலத்தை எடுத்து வைத்து, எந்த அர்த்தத்தில் வேண்டும் என்று கேட்டார். நீலத்துக்கு அர்த்தமா? எங்கள் கம்பெனியில் நீலத்துக்கு நம்பர்தான் உண்டு. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. நீலக்கல் என்று பெரிய பேர் வாங்கியது இருக்கிறதே, அதற்கு விசுவாசம், மனசு மாறாமை என்று அர்த்தமாம். கல்யாணமாகி முப்பத்தோரு வருடம் கழித்துத் திடீரென்று விசுவாசத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால், இந்த மனுஷன் எதையோ மூடி மறைக்கிறான் என்றல்லவா தோன்றும்? வேண்டாம் என்றேன். அக்வாமரின் என்று கடல் தண்ணீர் நிறத்தில் ஒன்று, தூரம் போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவதற்குக் கொடுப்பதாம். இவள் எங்கே போகப்போகிறாள் என்று அதையும் தள்ளினேன். அதையே வாங்கித் தொலைத்திருக்கலாம். லாபிஸ் என்று அடர்நீலத்தில் பொன் தூள் தூவின மாதிரி ஒன்று, உண்மை பேச வைக்குமாம். எங்கள் வீட்டில் உண்மைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது, தினம் காலையில் காப்பியோடு சேர்ந்து வருகிறது. புளூ டோப்பாஸ் கோபத்தைத் தணிக்குமாம். கோபம் தணிக்கிற கல்லைப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் எப்படிக் குடியிருப்பது, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக டர்க்காய்ஸ் என்று ஒரு கல்லைக் காட்டினார். மற்றதில் முக்கால்வாசி விளக்கைத் திருப்பினால் ஒரு நிறம், திருப்பாவிட்டால் ஒரு நிறம் என்று கண்ணாமூச்சி ஆடுகிற கல். இதற்குள் வெளிச்சமே போகாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பெயின்ட் அடித்து முடித்த சுவர் மாதிரி ஒரே நீலம். பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அந்த அம்மா அதைப்பற்றியும் என்னவோ சொல்லிக்கொண்டேதான் இருந்தார். காதில் விழுந்ததா என்றால் விழவில்லை. நான் பையிலிருந்த பழைய ஷேடு கார்டைக் கல்லோடு வைத்துப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம்.

மோதிரப் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருந்திருக்கிறது. உங்கள் தங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அணிந்தவரைக் காக்கும், தந்தவரின் அன்பு குறைந்தால் இக்கல் நிறம் மாறும் என்று அச்சடித்திருந்தது. படித்துவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அட்டையைத் தூக்கிப் போடாமல் அலமாரிக் கண்ணாடி ஓரத்தில் சொருகி வைத்தாள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில், நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டினாள். கல் மாறியிருக்கிறதா என்று கேட்டாள். இந்த இடத்தில் உலகத்தில் இருக்கிற எந்தப் புருஷனும் என்ன சொல்வான்? அதெல்லாம் ஒன்றுமில்லை, வெளிச்சம் சரியில்லை என்பான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா மச்சான், அவளை ஜன்னலோரம் கூட்டிக்கிட்டுப் போய், கார்டை எடுத்து, விரலைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாறியிருக்கு. ரெண்டு படி பச்சைக்குப் போயிருக்கு" என்றேன். கையெழுத்துப் போடாத குறைதான். அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

"கல்லு மட்டும்தானா?" என்று கேட்டாள்.

"நீ காட்டினது கல்லுதானே" என்றேன்.

அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாடு போட்டாள், எனக்கு இரண்டு நாளைக்கு வேண்டியதைச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டினாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பஸ் நிலையம்வரை போய், ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்து, கையசைத்துவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்று விளங்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. டப்பாக்கள் தீர்ந்த அன்றுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் அந்த நகைக்கடைக்கு ஓடினேன். அந்த அம்மா அலட்டிக்கொள்ளாமல், அன்றைக்கே சொன்னேனே சார், இது உறிஞ்சுகிற கல், சோப்பு, எண்ணெய், வெந்நீர் எதுவும் படக்கூடாது, பட்டால் பச்சையாகும் என்றார். சொல்லியிருப்பார், நான்தான் நம்பர் குறித்துக்கொண்டிருந்தேனே. எனக்கு உயிர் வந்தது. வாய்ச்சொல் போதாது, நிரூபிக்க வேண்டும் என்று அதே ரகத்தில் இரண்டு கல் வாங்கினேன். ஒன்றைப் பஞ்சில் சுற்றி மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்தேன். இன்னொன்றை மோதிரமாக்கி என் விரலிலேயே போட்டுக்கொண்டேன். அவள் செய்த வேலை எல்லாவற்றையும் நானே செய்வது, கல் மாறுகிறதா பார்ப்பது என்று திட்டம். சோதனைன்னா சும்மாவா மச்சான், அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையை நனைச்சாளோ அத்தனை தடவை நானும் நனைக்கணும் இல்லையா, அது எத்தனைன்னு யோசிச்சா எனக்கு ஒரு விவரமும் தெரியலை, நான் எப்பவும் பேப்பருக்குப் பின்னால் இருந்திருக்கேன். சரி, செய்யச் செய்யத் தெரியும் என்று ஆரம்பித்தேன். முதல் நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது, அடுப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பற்றவைத்ததில் பக்கத்தில் இருந்த காய் கருகியது, கருகின பாத்திரத்தை ஊறவைக்கக் குழாயைத் திறந்துவிட்டு வாசல் மணி அடித்ததென்று போனேன், வந்தவரிடம் பேசிவிட்டுத் திரும்பினால் சமையலறை குளமாக நிற்கிறது. துணிக்குச் சோப்புத் தூள் கைக்கு வந்தபடி கொட்டினேன், மூன்று நாள் அலசியும் நுரை போகவில்லை. புது நீலப் போர்வையோடு என் ஆறு வெள்ளைச் சட்டைகளையும் சேர்த்து ஊறவைத்தேன், ஆறும் நீலமாக வந்தன, ஆறும் ஒரே நீலம், அரைப் படிகூட வித்தியாசம் இல்லை, கம்பெனியில் இருந்திருந்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதெல்லாம் முடிந்து உட்காரலாம் என்று பார்த்தால் மணி நாலு, மறுபடி பாத்திரம். இந்த வேலையில் ஓய்வு பெறுகிற தேதி என்று ஒன்று கிடையவே கிடையாது, இது எனக்கு யாரும் சொல்லவில்லை.

குளமாக நின்ற தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டில் தையல் வேலை செய்கிற அம்மா வெட்டி வைத்திருந்த துணிமேல் சொட்டியிருக்கிறது. சண்டைக்கு என்று மேலே வந்தவர், நான் இருந்த கோலத்தைப் பார்த்துச் சண்டையை மறந்துவிட்டார். துடைப்பத்தை வாங்கி அவரே தள்ளிவிட்டார். என் விரலைப் பார்த்தார். "அக்காவும் இப்படித்தான் சார். கழட்டி வெச்சிட்டுத் தேய்க்கலாமேன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். அவரு முதமுதலா வாங்கிக் குடுத்தது, கழட்ட மனசு வரலைன்னாங்க" என்றார். வெங்காயம் நறுக்கினேன், அதனால்தான் கண்ணில் தண்ணீர் என்றேன். நறுக்கின வெங்காயம் எங்கே என்று அந்த அம்மா கேட்கவில்லை, நல்ல மனுஷி.

அந்த அட்டையில் அச்சடித்தவன் தலைகீழாக அச்சடித்துவிட்டான் மச்சான். தந்தவன் அன்பு குறைஞ்சு அது மாறலை. போட்டுக்கிட்டவள் ஒரு நாள்கூடக் கழட்டலை, அதனால் மாறியிருக்கு. நான் கார்டை வெச்சுக்கிட்டு இரண்டு படி, இரண்டு படின்னு அளந்தேனே, அது என்ன என்று தெரியாமலே அளந்திருக்கேன். முப்பத்துமூன்று வருடம் ஷேடு பார்த்த கண் என்று இனிமேல் நான் யாரிடமும் பீற்றிக்கொள்ளப் போவதில்லை.

நிற்க. சோதனை முடிவு வருமாறு. பதினைந்து நாளில் என் விரலில் இருந்த கல் ஒரு படி பச்சைக்குப் போயிருக்கிறது, கண்ணாடிக் கூட்டில் இருந்த கல் அப்படியே இருக்கிறது. ஆகவே மாற்றத்துக்குக் காரணம் சோப்பும் எண்ணெயுமே, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூட்டில் இருந்த கல்லையும் ஷேடு கார்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் மோதிரத்தையும் வைத்திருப்பேன், விரல் உப்பிப்போய்க் கழற்ற வரவில்லை. தாங்கள் லென்ஸில் பார்த்து, ஒப்பிட்டு, அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவைத்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். வீடு வீடாக இல்லை. நான் பேசுவது எனக்கே எதிரொலிக்கிறது.

தங்கள் துணைவியாருக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, முடிந்தால் நான் செய்ததைச் செய்யாமல் வாழ என் ஆசிகள். தங்கள் கடைக்கு வரும் கடிகாரங்கள் எல்லாம் ஓடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்து பிரித்திருக்கிறேன். பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் சுருக்கென்று தைத்தது. கல் ஏன் மாறியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், அதை அவள் கேட்கவே இல்லையே. சோப்பு என்ன செய்யும் என்று இத்தனை வருடம் பாத்திரம் தேய்த்தவளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அவள் கேட்டது என்னைப் பற்றி. எனக்கு அவள்மேல் ஒரு பொட்டும் குறையவில்லை, அவள் இல்லாமல் என்னால் முடியாது. இதை இப்போது உங்களுக்கு எழுதிவிட்டேன். தையல்கார அம்மாவுக்கும் தெரியும், நகைக்கடை அம்மாவுக்கும் தெரியும். அவளிடம்தான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை உங்களை விட்டுச் சொல்லச் சொல்வது என்ன நியாயம்? ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கல்லைப் பார்க்க வேண்டாம், எடுத்துச் சொல்ல வேண்டாம், அவளை அனுப்பவும் வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். முன்கூட்டிப் போன் பண்ணமாட்டேன், வருகிறேன் என்று தெரிந்தால் எனக்குச் சமைக்க உள்ளே போய்விடுவாள். இந்தக் கடிதத்தை வாசலிலேயே உங்கள் கையில் கொடுப்பேன். நீங்கள் அங்கேயே உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். இந்த வரிக்கு வந்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து உள்ளே வராதீர்கள் மச்சான், முதலிலிருந்து இன்னொரு தடவை படியுங்கள். எனக்கு அதைச் சொல்லி முடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.