டிவைடர் டாக்டரும் கோணல் துடிப்பும்

தமிழ்நாட்டிலேயே கட்டிப்பிடிக்கக் கூடாத ஒரே இதய டாக்டர் எங்கள் சங்ககிரி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கோட்டுப் பையில் எப்போதும் டிவைடர். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இரண்டு ஊசிக்காலோடு இருக்குமே, அதேதான். குணமான சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்ட ஒருவருக்கு நானே டிடி ஊசி போட்டிருக்கிறேன்.

நான் அங்கே ஐசியு நர்ஸ். அந்த மனுஷனோடு சண்டை போடாத நாளே கிடையாது. அளக்கிறேன் என்று ஈசிஜி தாளைச் சல்லடையாக்குவார். கேன்டீனில் தோசையை அளந்து, "நேத்தைவிட இன்னிக்குச் சின்னதுங்க" என்று மாஸ்டரோடு மல்லுக்கு நிற்பார்.

போன மாசம் சொந்த லாரி ஓட்டும் செங்கோடன் என்ற டிரைவர் படபடப்போடு வந்து சேர்ந்தார். மானிட்டரில் ஒழுங்கான துடிப்புகளுக்கு நடுநடுவே அகலமாக, கோணலாகச் சில துடிப்புகள். புதுசாக வந்த டூட்டி டாக்டர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. "இதயத்தோட கீழறையிலேருந்து கிளம்புது. ஆபத்து. இனி லாரியை மறந்துருங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க சிஸ்டர், எனக்கு வேற தொழில் தெரியாதுங்களே" என்றார் செங்கோடன்.

டிவைடர் டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தவர் கோணல் துடிப்பை விட்டுவிட்டு, அதற்கு முந்தின அலையில் ஊசியை வைத்தார்.

"கோணலா இருக்கறவனையே எல்லாரும் பாக்கறாங்க. அவனுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாக்கோணும் சாமி."

பார்த்தேன். ஒவ்வொரு கோணலுக்கும் முன்னால், முந்தின அலையின் முதுகில் ஒரு குட்டி மேடு ஒளிந்திருந்தது.

"மேலறை போட்ட உத்தரவுங்க அது. என்ன, கொஞ்சம் அவசரப்பட்டு வந்துருச்சு. கீழ போறதுக்கு ரெண்டு வழி. வலது வழி இன்னும் தயாராகல. இடது வழியாவே சுத்திப் போகுது. நேரமாகுது, அதான் அகலமாத் தெரியுது."

செங்கோடன் எழுந்து உட்கார்ந்தார். "பைபாஸ்ல ஒரு பக்கம் அடைச்சா ஊருக்குள்ள சுத்தி வருவோமே, அந்த மாதிரிங்களா?"

"அதேதானுங்க!" டிவைடரை வீசிய வீச்சில் என் கண் நூலிழையில் தப்பியது.

"அப்ப வண்டி?"

"எக்கோ, ரத்தம் எல்லாம் பாத்துரலாம். அதுவரைக்கும் மானிட்டர் ஓடட்டும். நீங்க அவசரப்பட்டு வண்டிய வித்துப்போடாதீங்க."

எல்லாம் நன்றாக வந்தது. இப்போது செங்கோடன் எங்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு ஹாரன் அடிக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் அடிக்கக் கூடாது என்று சொன்னால் கேட்பதில்லை. எங்கள் டிவைடர் டாக்டரோ ஜன்னலுக்கு ஓடிப்போய், அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே காற்றில் டிவைடரை விரிக்கிறார். பைத்தியம்.

அவருடைய கோட்டுப் பைக்குள் ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்திருக்கிறது, ஊசி நெஞ்சில் குத்தாமல் இருக்க. யார் தைத்தது என்று கேட்டுக்கொண்டே திரிகிறார். நான் சொல்வதாக இல்லை.