காற்றுக்கு நற்பெயர் வாங்கிக் கொடுத்தவர்

காற்றுக்குப் பயந்தவர்கள் உலகில் கோடிப் பேர். காற்றோடு மல்லுக்கட்டியவர்களும் உண்டு. காற்றுக்கு நற்பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஒருவர்தான்: புத்தளத்தின் விளம்பர நிபுணர் ஜனாப் றிஸ்மின். அவர் என் தங்கையின் கணவர் என்பதற்காகப் புகழவில்லை. நான் படகு எஞ்சின் விற்கிறவன். உறவுக்காரருக்கென்று விலை குறைத்த பழக்கம் எனக்கில்லை.

றிஸ்மின் தொழிலுக்கு வருமுன் எங்கள் விளம்பரங்கள் பரிதாபமானவை. "புடவை மலிவு" என்று எழுதினால் புடவை மலிவாக இருக்க வேண்டியிருந்தது. அந்த அடிமைத்தனத்தை ஒழித்தவர் அவர். உப்புக் கிணறுள்ள காணியொன்றை "கனிமவளக் காணி" என்று விற்றுக் கொடுத்தார். வாங்கியவர் இன்றும் கனிமத்தில்தான் தேநீர் குடிக்கிறார்.

கடலில் காற்றென்றால் ஆலங்குடா மீனவர் சங்கம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும். பெற்றோலுக்கு வழியில்லாமல் சங்கம் தடுமாறியபோது றிஸ்மின் அந்தப் "பொதுப்பணி"யை இலவசமாக ஏற்றார். பெற்றோல் செலவுக்கு அனுசரணை என் கடை.

நவம்பரில் வானிலை அலுவலகத்திலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது: "பலத்த காற்று. மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்." றிஸ்மின் அதை வாசித்து, காய்ச்சல்காரனைப் பார்க்கும் வைத்தியர்போல் உதட்டைப் பிதுக்கினார்.

"மச்சான், எஞ்சின் விக்கிற உங்கட பேரப் போட்டு, கடலுக்குப் போகவாணாம் எண்டு சொல்ல ஏலுமா? அது கஸ்டமர வெரட்டுற கதையெல்லா?"

ஏலாது என்று ஒப்புக்கொண்டேன். அரை மணித்தியாலத்தில் திருத்திய அறிவித்தல் தயாரானது: "நாளை உற்சாகமான காற்று. கடலுக்கும் உங்களுக்குமான உறவைச் சிந்திக்க உகந்த தருணம்." அதில் ஒரு பொய் காட்டுங்கள், பார்ப்போம்.

மாலையில் றிஸ்மினே ஆட்டோவில் ஏறி அதை ஊரெங்கும் வாசித்தார். சந்தியில் றொபி என்ற இளம் மீனவன் ஆட்டோவை மறித்தான்.

"அண்ணன், விளங்கல்ல. போகலாமா, போகக்கூடாதா? ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"தம்பி, நாங்க ஆரையும் கட்டாயப்படுத்துறல்ல. முடிவு உங்கட கைல."

வாடிக்கையாளரின் சுதந்திரத்தை இதைவிட மதித்தவர் யார்? என் கடைப் பெயர் பொறித்த தொப்பியொன்றையும் அவனுக்குக் கொடுத்தார். றொபி தன் சுதந்திரத்தைப் பயன்படுத்தினான்.

மறுநாள் ஊரின் பன்னிரண்டு படகுகளில் பதினொன்று போயின. பத்து, அடிபட்டு உடைபட்டுத் திரும்பின. றொபியின் படகு நான்காம் நாள் கற்பிட்டிப் பக்கம் கரையொதுங்கியது. றொபி ஒதுங்கவில்லை.

சங்கம் விசாரணைக் கூட்டம் வைத்தது. றிஸ்மின் ஒலிப்பதிவை மூன்று தரம் போட்டுக் காட்டினார். "போங்கள்" என்ற சொல் எங்குமே இல்லை என்பது ஐயந்திரிபற நிரூபணமானது. ஆழ்ந்த அனுதாபத் தீர்மானமொன்று ஏகமனதாக நிறைவேறி, தேநீரும் வந்தது.

அப்போது றொபியின் மனைவி ஷானிகா பின்கதிரையிலிருந்து எழும்பினாள். றிஸ்மினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"முதலாளி, அண்டைக்கு உங்கட போட் மட்டும் ஏன் கரையில நிண்டது?"

கூட்டத்தில் நான் தேநீரை எடுத்துக் குடித்தேன். ஆனால் றிஸ்மினின் புகழ் பாட வந்தவன் அவருடைய மிகச் சிறந்த வாசகத்தை மறைப்பது நியாயமல்ல. றொபியைத் தொப்பியோடு அனுப்பிய கையோடு அவர் எனக்குப் போன் எடுத்தார். அத்தனை சுருக்கமாக, அத்தனை தெளிவாக அவர் வேறெதையும் சொன்னதில்லை. கேட்டவனும் உடனே கீழ்ப்படிந்தான்:

"மச்சான், நாளைக்கு உங்கட போட்ட கடலுக்கு விடவாணாம். போனா வராது."