ஒத்து ஆடிய சடுகுடு

மனித குலத்தில் இரண்டு வகை உண்டு. மூச்சு விடுகிறவர்கள் ஒரு வகை. எங்கள் ‘ஒத்து’ இன்னொரு வகை. இதை மிகை என்று நினைப்பவர்கள் எங்களோடு காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர்களாக இருக்க முடியாது.

கோயிலில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் எத்தனை ராகம் வாசித்தாலும் சரி, ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் இடைவிடாமல் ஊதிக்கொண்டே ஒருவர் இருப்பார், பார்த்திருப்பீர்கள். பார்க்காமலும் இருந்திருப்பீர்கள். யாரும் அவரைப் பார்ப்பதில்லை. அந்தக் குழலுக்குத்தான் ஒத்து என்று பெயர். நம்மவனின் தாத்தா அதை ஊதினார், அப்பா ஊதினார், இவனும் ஏழு வயதிலிருந்து லீவு நாளெல்லாம் ஊதினான். மூன்று தலைமுறைக்கும் சேர்த்து ஒரே ஸ்வரம். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தது.

ரிஜிஸ்தர் என்றதும் நினைவு வருகிறது. காலையில் பேர் கூப்பிடும்போது அவன் “ப்ரெஸண்ட் சா...ர்” என்று ஆரம்பித்தால், அந்த ‘சார்’ முடிவதற்குள் பேராசிரியர் அடுத்த நாலு பேரைக் கூப்பிட்டு முடித்திருப்பார். அந்த நாலு பேரும் அந்நேரம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் காப்பி ஆற்றிக்கொண்டிருப்போம். எந்தக் குரல் எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது என்று புரியாமல் அவர் எல்லாருக்கும் டிக் போட்டுவிடுவார். மூன்று வருஷமும் எனக்கு அட்டெண்டன்ஸ் குறையாததற்கு ஒத்துவின் நுரையீரல்தான் காரணம்.

லாபரட்டரியில் உப்புச் சோதனை செய்யும்போது ஊதுகுழலை வாயில் வைத்து, தீநாக்கு அசையாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் நாலு ஊது ஊதினால் கண்ணில் பூச்சி பறக்கும். ஒத்து கன்னத்தை உப்பிக்கொண்டு, தன்னுடையதை முடித்துவிட்டு, “அடுத்தது யாருதுபா?” என்று முடிவெட்டுகிற கடைக்காரர் மாதிரி கூப்பிடுவான். பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்போம்.

அவனுக்கு உலகம் முழுவதும் சுருதிதான். வாலாஜாபாத் பஸ் ஹாரன் நாலு கட்டை. பிரின்ஸிபால் ஸ்கூட்டர் ஒன்றரைக் கட்டை. மத்தியானத்தில் வராந்தாவிலேயே தூங்கிவிடும் ஹாஸ்டல் வார்டனைப் பற்றி ஒரு நாள் மிகுந்த வருத்தத்தோடு சொன்னான்: “அவுரு கொறட்டை ரெண்டரைக் கட்டைபா, சுத்தமா இருக்குது. முழிச்சிக்கினு இருக்கும்போதுதான் மனுஷனுக்கு சுருதி போவுது.”

இப்பேர்ப்பட்டவன் காலேஜ் இசை மன்றத்தில் சேரப் போனான். செகரெட்டரி பாடச் சொன்னார். ஒத்து கண்ணை மூடிக்கொண்டு “ஸா” என்றான். அஞ்சு நிமிஷம் ஆயிற்று. ஸாவே போய்க்கொண்டிருந்தது. செகரெட்டரி மெதுவாக, “ரி எப்ப வரும்பா?” என்று கேட்டார்.

“ரி வேற ஆளுங்க பாடுவாங்க சார். எங்க வூட்ல ரி கெடையாது.”

சேர்த்துக்கொள்ளவில்லை. அவனும் கவலைப்படவில்லை. வராந்தாவில் நின்று உள்ளே நடக்கிற கச்சேரிக்கு வெளியிலிருந்தே ஸா கொடுத்துக்கொண்டிருந்தான்.

இனி சடுகுடுவுக்கு வருகிறேன். செமஸ்டர் பரீட்சை முடிகிற அன்று சாயங்காலம் ஹாஸ்டல் பையன்களுக்கும் எங்களைப் போன்ற டவுன் பையன்களுக்கும் சடுகுடு நடக்கும். அது முடிந்ததும் மைக் செட் வைத்துப் பாட்டு. ஜெயித்த கட்சிக்கு மைக். தோற்றது டவுன் என்றால் இன்னொன்றும் உண்டு: மறுநாள் காலை ஊருக்குப் போகிற ஹாஸ்டல்காரர்களின் தகரப் பெட்டிகளை நாங்கள் தலையில் வைத்து ரயில்வே ஸ்டேஷன் வரை சுமக்க வேண்டும். ஹாஸ்டல்காரர்கள் சுற்றுப்பட்டுக் கிராமத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். ஏர் பிடித்த கை, மூட்டை தூக்கிய தோள். நாங்களோ தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பாவு இழை மாதிரி ஒல்லி, தொட்டால் அறுந்துவிடுவோம். செமஸ்டர் முறை வந்ததில் எங்களுக்கு ஏற்பட்ட ஒரே லாபம், வருஷத்துக்கு ஒரு தரம் தோற்றவர்கள் இரண்டு தரம் தோற்க ஆரம்பித்தோம்.

ஹாஸ்டல் கேப்டனை ‘ரோலர்’ என்போம். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர் பிள்ளை. ரோடு போடும் இயந்திரத்துக்கும் அவனுக்கும் வித்தியாசம், அவனுக்குப் புகை வராது. போன தடவை அவன் பெட்டி என் தலைக்கு வந்தது. கழுத்து உள்ளே போய்விட்டது. படிக்கிற புத்தகமாக இருக்க வழியில்லையே என்று ஸ்டேஷனில் திறக்கச் சொன்னால், உள்ளே காலேஜின் ஷாட்புட் குண்டு! “மறந்தாப்ல வெச்சிட்டேன்பா, திருப்பி எடுத்துக்கினு போயிடு” என்று சிரிக்கிறான்.

அதைவிடக் கொடுமை, வழியில் எங்கள் அப்பா எதிரே வந்தார். நெய்த புடவையை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மட்டும் சொன்னாராம்: “உன் புள்ளைக்கு வேல கெடைச்சிடுச்சி. ரயில்வேல.”

இந்தத் தடவை எங்களுக்குக் கடைசி செமஸ்டர். அஞ்சு முறை தோற்றாயிற்று. ஆறாவதும் தோற்றால் பட்டத்தோடு கூலிப் பட்டமும் சேர்ந்துவிடும். இந்தக் கவலையில் ஊதுகுழல் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு மின்னல் வெட்டியது. சடுகுடுவில் எதிர்க் களத்துக்குள் போகிறவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போக வேண்டும். மூச்சு விட்டால் அவுட். அவனைப் பிடித்தாலும், மூச்சு அறாமல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்த அத்தனை பேரும் அவுட். மூச்சுதானே எல்லாம்? நம்மிடம் காஞ்சிபுரத்திலேயே பெரிய மூச்சு இருக்கிறதே!

“ஒத்து, நீயும் டவுன் பையன்தான? நம்ம பக்கம் ஆடணும்பா.”

“நானா? எனக்கு ஓட வராதேப்பா.”

“ஓட வேணாம். பாடினா போதும்.”

“எத்தினி சொரம்?”

“ஒண்ணே ஒண்ணுதான். சடுகுடு சடுகுடு.”

முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. “எனக்கு முன்னால யாருபா நிப்பாங்க?”

“நீதான்டா முன்னால!”

“அப்ப வேணாம்பா. முன்னால யாருனா இருந்தாத்தான் எனக்கு மூச்சே வரும். அவுங்க நிறுத்தினாத்தான் நான் நிறுத்தறது.”

அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “எதிர்ல ஏழு தடியனுங்க நிப்பானுங்க இல்ல? அவனுங்கதான் நாயனக்காரங்கன்னு வெச்சுக்கோயேன்!”

ஒத்து தலையாட்டினான். நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் பத்து நாள் பயிற்சி. பயிற்சி என்றால், அவன் நின்று பாடுவான், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்போம். பார்த்துப் பார்த்துப் பூரித்தோம். போய் எதிராளியைத் தொட வேண்டும், தொட்டதும் ஓடி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாவு நூலை நன்றாக இழுத்துக் கட்டிவிட்டு, குறுக்கே ஓட்ட நூலே வாங்காத நெசவாளி மாதிரி இருந்தோம்.

ஆட்டத்தன்று காலேஜே கூடிவிட்டது. ஒத்து டிராயரோடு களத்தில் இறங்கியதும் ஹாஸ்டல் பக்கம் சிரிப்பு. “ஏய், கொடிக்கம்பத்த எதுக்குபா புடுங்கிக்கினு வந்தீங்க?” என்றான் ரோலர்.

ஒத்து பாடிக்கொண்டு போனான். போய், ஏழு பேருக்கும் எதிரில் மூன்றடி தள்ளி மரியாதையாக நின்று, கைகட்டி, கண்ணை மூடிக்கொண்டான். “சடுகுடுசடுகுடுசடுகுடு...” அவ்வளவுதான். நாயனக்காரர்கள் நிறுத்தட்டும் என்று காத்திருக்கிறான்!

ஏழு பேரும் கை கோத்துக்கொண்டு அவன் மூச்சு அறுவதற்குக் காத்திருந்தார்கள். அறவில்லை. “டேய், தொட்றா! தொட்டுட்டு ஓடியாடா!” என்று கத்துகிறோம். ஊதும்போது அவனுக்குக் காது கேட்காது.

ரோலர் பொறுக்காமல், “சார், திருட்டுத்தனமா மூக்கால மூச்சு இழுக்கறான் சார்!” என்று பி.டி. மாஸ்டரிடம் முறையிட்டான். மாஸ்டர் நியாயஸ்தர். என் சட்டையில் ஒட்டியிருந்த பட்டு இழை ஒன்றை உருவி (எங்கள் சட்டையில் எப்போதும் நாலு இழை ஒட்டியிருக்கும்) ஒத்துவின் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மைதானமே குனிந்து பார்த்தது. இழை ஆடவில்லை. “சுத்தம்!” என்று தீர்ப்புச் சொன்னார்.

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. ஹாஸ்டல்காரன் ஒருத்தன் கொட்டாவி விட்டான். இன்னொருத்தனுக்கு வெறியே வந்துவிட்டது. “எப்பா, பேஜாரா இருக்குதுபா! போய்த் தொல!” என்று ஒத்துவின் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். ஒத்து நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் மேல் வந்து விழுந்தான், சடுகுடு சொல்லிக்கொண்டே. தள்ளினவன் அவுட்!

உலகத்திலேயே எதிராளி கையால் ஜெயித்துக் கொடுக்கப்பட்ட முதல் பாயிண்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ரோலர் உஷாராகிவிட்டான். எங்களில் ஒருத்தர் ஒருத்தராகப் போனோம், மூன்று பேரைத் தொட்டோம், ஆனால் நாங்கள் ஆறு பேரும் அவுட். கடைசியில் எங்கள் பக்கம் ஒத்து ஒருத்தன். அவர்கள் பக்கம் ரோலரையும் சேர்த்து மூன்று பேர். ஒத்து போனான். நின்றான். கண்ணை மூடினான்.

“விடாதீங்கபா! அமுக்கிக்கினு மேல உக்காருங்க. எவ்ளோ நேரந்தான் பாடுவான்?” என்றான் ரோலர். மூன்று பேரும் பாய்ந்து அவனைத் திருப்பிக் குப்புறத் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார்கள். ஒத்துவின் உருவமே மறைந்துவிட்டது. நடுக்கோடு அவன் தலைக்கு நேரே நாலடி தூரம். ரோலரின் அடியிலிருந்து மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, “சடுகுடுசடுகுடுசடுகுடு...”

நான் தலையைத் தடவிக்கொண்டேன். நாளைக்கு அந்தத் தலையில்தான் பெட்டி. தெருவில் அப்பா. ‘ஒத்து ஒருநாளும் நிறுத்த மாட்டான். ஆனால் நகரவும் மாட்டானே’ என்று மனசு அடித்துக்கொண்டது. ஒத்துக்காரன் எப்போது நகர்வான்? சாமி நகர்ந்தால் நகர்வான். சாமி எப்போது நகரும்?

ஓடினேன். குடிக்கிற தண்ணி வைத்திருந்த தகர பக்கெட்டைக் கவிழ்த்தேன். தண்ணீர் முழுவதும் பி.டி. மாஸ்டர் ஷூவுக்குள் போயிற்று. பக்கெட்டை இடுக்கிக்கொண்டு மல்லாரி அடிக்க ஆரம்பித்தேன். சாமி கோயிலை விட்டுப் புறப்படும்போது வாசிக்கிற மல்லாரி. காஞ்சிபுரத்தில் பிறந்த எந்தப் பையனுக்கும் அது தகரத்தில் அடிக்க வரும்.

தாம் திம் என்று நாலு அடி விழுந்திருக்கும். அந்த மனிதக் குவியல் அசைந்தது. ஒரு முழங்கை வெளியே வந்தது. ஒரு முட்டி ஊன்றியது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஒத்து எழுந்தான்! கண் மூடியபடி, முதுகில் ஒருத்தன், காலில் ஒருத்தன், இடுப்பில் ரோலர். சாமி புறப்பாட்டு நடை. ஒரு அடி, நிறுத்தம். ஒரு அடி, நிறுத்தம். “டேய், இவன் நடக்கறான்டா!” என்று ரோலர் அலறியது பிள்ளையார்பாளையம் வரை கேட்டிருக்கும்.

நடுக்கோட்டை மிதித்தான். மூன்று பேரும் அவுட். ஜெயித்தோம்!

நாங்கள் ஜெயித்தது எங்களுக்குத் தெரியும். ஒத்துவுக்குத் தெரியாது. பக்கெட் சத்தம் நிற்காததால் அவன் நடந்துகொண்டே இருந்தான். ரோலரும் திகைப்பில் இடுப்பை விட மறந்து கூடவே வந்தான். நான் முன்னால் பக்கெட் அடிக்க, பின்னால் டவுன் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் ஹாஸ்டல் பையன்கள். எவனோ ஓடிப்போய்க் குடை கொண்டுவந்து ஒத்துவுக்குப் பிடித்தான். மைதானத்தை முழுசாக ஒரு வலம் வந்தோம். தவில்காரர் முடிக்கிற மாதிரி தீர்மானம் வைத்து நான் அடித்து முடித்தபிறகுதான் அவன் மூச்சு விட்டான். கண்ணைத் திறந்து கேட்டான்: “முடிஞ்சிடுச்சாபா?”

மறுநாள் காலைக் காட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனசு தாங்கவில்லை. ஹாஸ்டல்காரர்கள் அவரவர் பெட்டியை அவரவர் தலையில் சுமந்து போக, நாங்கள் பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடந்தோம். ரோலருக்கு மட்டும் மூச்சு வாங்கியது. ஜெயித்துவிடுவோம் என்ற தைரியத்தில் ஷாட்புட் குண்டை முன்கூட்டியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டானாம். சாவியும் உள்ளேயே மாட்டிக்கொண்டதாம். எங்கள் தெரு முனையில் வேண்டுமென்றே நின்று, அப்பாவுக்கு ஒரு சலாம் வைத்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது முந்தின நாள் சாயங்காலத்தைப் பற்றி. முதல் தடவையாக மைக் எங்கள் கையில். யார் பாடுவது என்று எங்களுக்குள்ளேயே சண்டை. “ஒத்து! ஒத்து!” என்று ஹாஸ்டல்காரர்களே கத்தினார்கள். அவனை மேடைக்குத் தள்ளிவிட்டோம். அவன் மைக்கைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

“என்னடா, முன்னால வாடா! நீதான ஜெயிச்சது?”

“நீங்க பாடுங்கப்பா” என்றான். “நான் புடிச்சிக்கினு இருக்கறேன். எங்கியும் போவ மாட்டேன்.”

ஸா என்று ஆரம்பித்தான். முதலில் ரோலர் பாடினான். அதைப் பாட்டு என்று சொல்லும்படி இருந்தது, அதுவே ஆச்சரியம். பிறகு ஹாஸ்டல், டவுன் என்ற கணக்கில்லாமல் ஒவ்வொருத்தராக ஏறினோம். எங்கே வழி தவறினாலும் அந்த ஒரு ஸ்வரம் பின்னால் நின்று எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது. கழுதைக் குரல் என்று வீட்டில் பெயர் வாங்கிய நானும் பாடினேன். கை தட்டினார்கள்.

இப்போது எனக்கு ஆபீஸ் உத்தியோகம். விழாக்களில் பாடச் சொல்கிறார்கள், பாடுகிறேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை என் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். எதையோ மறந்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று சபையில் நினைத்துக்கொள்கிறார்கள். மறந்தால்தானே!