கட்டிலுக்கடியில் எரியும் சுரைக்காய்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதுவது. இங்கே இருவரும் மூட்டுவலி நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் நலம். அங்கே தங்கள் உடம்பும் பல்செட்டும் வீட்டிலுள்ளோரும் நலமாயிருக்க வேண்டும். கையெழுத்து அவளுடையது, வார்த்தை முழுக்க என்னுடையது. குற்றமிருந்தால் என்னைத் திட்டுங்கள்.

நிற்க. உங்கள் கையால் ஒரே ஒரு வரி வேண்டும். "அந்தச் சுருளை என் தங்கை புருஷனுக்கு நான்தான் கொடுத்தேன்" என்று, நம் தியேட்டரின் பழைய மானேஜர் என்ற முறையில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். எந்தச் சுருள் என்று புருவத்தைத் தூக்காதீர்கள். மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுவோமே, தரையிறங்கப் போன ராட்சத ஆகாயக் கப்பல் தீப்பிடித்து விழுகிற செய்திப் படம், அதுதான். எழுத்து தெரியாத ஆபரேட்டரான நான் ஒவ்வொரு டப்பா மேலும் ஆணியால் ஒரு படம் கீறி வைப்பேன். காதல் படத்துக்குக் கிளி, சண்டைப் படத்துக்குச் செருப்பு, இதற்குச் சுரைக்காய். நீங்களே வாயில் சுருட்டோடு வந்து, "மாப்ளே, அந்தச் சுரைக்காயை ஏத்துங்க, ஜனம் கத்துது" என்பீர்கள். அது கீறல் விழுந்து தேய்ந்ததும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னீர்கள். நான் அனுப்பவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வருஷம் ஆகிறது. திருட்டு என்றால் திருட்டுதான், மறுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, பழைய படங்களைச் சேகரிக்கும் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். "தாத்தா, உங்ககிட்ட ஆகாயக் கப்பல் இருக்காமே?" என்றாள். "கப்பல்லாம் இல்லம்மா, சுரைக்காய்தான் இருக்கு" என்றேன். "நான் காய்கறி வாங்க வரலீங்க" என்று கிளம்பியவளை உட்காரவைத்து, டப்பாவை இழுத்துக் காட்டினேன். பக்கவாட்டில் இருந்த எழுத்தைப் படித்தாளோ இல்லையோ, சுவர் வரைக்கும் பின்னால் போய்விட்டாள். "இது அந்தக் காலத்து பிலிம், தாத்தா! சூடேறினா தானாவே பத்திக்கும். தண்ணி ஊத்தினாலும் அணையாது. இதுக்கு மேலயா படுத்திருக்கீங்க?" "கல்யாணமான ரெண்டாம் வருஷத்துலேருந்து" என்றேன். அவள் போனை எடுத்தாள், கால் மணியில் தீயணைப்பு வண்டி வந்தது, தெருவையே காலி பண்ணிவிட்டார்கள் மச்சான். முடிதிருத்துகிறவர் கடையிலிருந்து ஒருவர் ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடினார், தையல்காரர் அளவு நாடாவும் கழுத்துமாக ஓட, அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கியது தூக்கியபடி பின்னாலேயே ஓடினார். மாடி வீட்டு அம்மாள், "தினம் பார்த்துப் பேசுறேன், குண்டு மேல தூங்குற மனுஷன்னு தெரியாம போச்சே!" என்று என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். தீயணைப்பு அதிகாரி டப்பாவை ஈர மணல் வாளியில் வைத்து, பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

எல்லாம் ஓய்ந்தபின் அந்தப் பெண், "ஏன் தாத்தா எடுத்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். படம் ஓடும்போதெல்லாம் ஜனங்கள் ஐயோ என்று நெருப்பைப் பார்ப்பார்கள். படத்தில் பேசுகிறவன் இங்கிலீஷில் என்ன சொன்னானோ எனக்குத் தெரியாது. கேபின் ஓட்டை வழியாக நான் பார்த்தது நெருப்புக்குக் கீழே ஓடிவந்த கால்களை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எண்ணுவேன். ஆள் தப்பினான் என்று நான் சொன்னால், நீங்கள், "ஒருத்தன் மிஞ்சல மாப்ளே, கைநாட்டுக்கு என்ன தெரியும்" என்பீர்கள். நான் சொன்னதற்குச் சாட்சியாகத்தான் எடுத்தேன். அவள் சிரித்தாள். கப்பலில் இருந்த தொண்ணூற்றேழு பேரில் அறுபத்திரண்டு பேர் பிழைத்தார்களாம், மச்சான்! அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் கூடத்தில் டப்பாவைத் திறக்கிறார்கள். உங்கள் வரி வந்தால் பதிவேட்டில் 'கொடுத்தவர்' என்று என் பெயர் ஏறும். வராவிட்டால் களவுப்பொருளாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஏட்டில் ஏறுவது உங்கள் கையில் இருக்கிறது.

மூத்தவருக்கு என் வணக்கம், சின்னஞ்சிறுசுகளுக்கு என் ஆசி, வாசலில் குரைக்கும் அந்த நாய்க்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன் (பெருவிரல் ரேகை)

பி.கு.: அண்ணா, இது நான். உறை ஒட்டப் பசை தேடுவதாகச் சொல்லி அடுத்த அறையில் எழுதுகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. அவர் கொண்டுவந்த அந்த வாரமே, நாற்றம் தாங்காமல், சுருளைத் துணியில் கட்டி உங்களிடமே திருப்பிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதல்லவா? டப்பா கனம் குறையக் கூடாதென்று நாலு உடைந்த பூட்டைப் பழைய சேலையில் சுற்றி உள்ளே வைத்து மூடினேன். அதைத்தான் அந்த அதிகாரி ஏந்திக்கொண்டு போனார். தெருவே கைகட்டி நிற்கும்போது எப்படிச் சொல்ல? ஆகவே நீங்கள் அவர் கேட்ட வரியை எழுத வேண்டாம். காப்பகத்துக்குப் போன் போட்டு, அசல் உங்களிடம் இருப்பதாகவும், காப்பாற்றியவர் என்று அவர் பெயரைத்தான் போட வேண்டும் என்றும் சொல்லுங்கள். கம்பெனிக்கு அனுப்ப மறந்து, உங்கள் எழுத்து மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்திருப்பதாகப் போன தடவைகூடச் சொன்னீர்கள். கடிதமெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்துதான் படிப்பீர்கள். அண்ணா, முதலில் அந்தச் சுருட்டை அணையுங்கள்.