விருத்தாசலத்துக் களிமண் கிட்னி

எங்கள் ஊரில் தராசு, கடிகாரம், தெர்மாமீட்டர் மூன்றும் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்து நடந்தன. அவருடைய நிஜப் பெயர் கம்பெனி வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. விருத்தாசலம் செராமிக் பேட்டை முழுக்க அவருக்கு 'இன்னொருதபா' என்றுதான் பெயர். யார் எதை அளந்தாலும் பக்கத்தில் போய் நின்று, "இன்னொரு தபா அளங்க" என்பார். அளந்து முடித்தால், "இப்ப வேற ஆளு அளக்கட்டும்" என்பார்.

பெண் பார்க்கப் போன கதையை அவர் மனைவியே எனக்குச் சொல்லியிருக்கிறார். கருவேப்பிலங்குறிச்சியில் பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, எல்லாருக்கும் பிடித்துப்போய்த் திரும்பியவர், நான்காம் நாள் காலையில் தனியாக வந்து வாசலில் நின்றாராம். பெண்ணின் அப்பா பதறிப்போய் என்ன ஏது என்று கேட்க, "ஒண்ணும் இல்ல மாமா. அன்னிக்கி சாயந்தர வெளிச்சம். காலை வெளிச்சத்துல இன்னொரு தபா பாத்துட்டுப் போயிடறேன்" என்றாராம். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்ததாம்: "அப்ப நானும் அவர இன்னொரு தபா பாக்கணும். அன்னிக்கி தலைய குனிஞ்சிகினே இருந்தாரு, மூஞ்சியே தெரியல."

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு அளவும் ஒத்துப்போனது. கல்யாணம் நடந்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் அந்தக் கம்பெனியில் குமாஸ்தா. அவர் சோதனைப் பிரிவு. தண்ணீர் ஃபில்டருக்குள் வெள்ளையாக நிற்குமே கேண்டில், அதைத்தான் நாங்கள் செய்தோம். சுட்ட களிமண்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள். நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் கசிகிறது என்று பார்த்துத்தான் தேர்வு செய்வது. காலை ஷிப்டில் பாஸான கேண்டில் மாலை ஷிப்டில் ஃபெயிலாகும். மேனேஜர் களிமண்ணைத் திட்டுவார், களிமண் கொண்டுவந்தவரைத் திட்டுவார், கடைசியில் வெயிலைத் திட்டுவார். இன்னொருதபா மூன்று நாள் தொட்டி அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் தொட்டியின் உள்பக்கம் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்.

"காலையில தொட்டி ரொம்பி இருக்குது. சாயந்தரம் பாதிதான். தண்ணி மட்டம் எறங்குனா அழுத்தமும் எறங்கும். கேண்டிலு நல்லாத்தான் இருக்குது சார், நாமதான் வேளைக்கி ஒரு மாதிரி அளக்கறோம்."

அதன்பிறகு எந்த ஷிப்டிலும் கோடு வரை தண்ணீர், ஒரே ஜாடி, ஒரே ஸ்டாப்வாட்ச். மேனேஜர் திட்டுவதற்கு வேறு விஷயம் தேட வேண்டியதாயிற்று.

தொண்ணூறுகளில் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம் என்று உள்ளூர் டாக்டர் சென்னைக்கு அனுப்பினார். அப்போது எம்.ஆர்.ஐ. என்பதே எங்கள் பக்கத்தில் புதுச் சொல். பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து, ஊசி கத்தி எதுவும் இல்லாமல், சிறுநீரகத்துக்கு நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று சொல்லிவிடுமாம். ஒரு ஆஸ்பத்திரி மெஷின், வலது பக்கம் பாதி ரத்தம்தான் போகிறது என்றது. ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொன்னார்கள். பயந்துபோய் இன்னொரு ஆஸ்பத்திரியில் எடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றது அந்த மெஷின்.

வயிற்றைக் கிழிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொருதபா இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஷிப்டுக்கு ஷிப்டு மாறும் கேண்டிலை மறுபடி பார்த்த வெளிச்சம்.

"சார், நானும் வரேன்."

முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். இன்னொருதபா நேராகக் கேட்டார்: "டாக்டரம்மா, ரெண்டு மெசினுல எது தப்பு சொல்லுது?"

"தெரியலைங்க" என்றார் டாக்டர். இத்தனை நாளில் நான் சந்தித்த டாக்டர்களில் அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். "ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி எடுக்கறாங்க. இத நம்பி எதுவும் முடிவு பண்ணக் கூடாதுன்னு எங்க பெரிய டாக்டரே சொல்றார்."

"தெரிஞ்ச அளவு ஒண்ண உள்ள வச்சிப் பாத்தீங்களா?"

"நிமிஷத்துக்கு இவ்வளவுதான் ரத்தம் ஓடுதுன்னு தெரிஞ்ச மனுஷனுக்கு நான் எங்கங்க போவேன்?"

"மனுசன் எதுக்குமா? நான் செஞ்சி எடுத்தாரேன்."

ஊருக்கு வந்தவர் கேண்டில் மண்ணைப் பிசைந்து அவரைக்கொட்டை வடிவத்தில், கையகலத்தில், சிறுநீரகம் செய்தார். உள்ளே போக ஒரு ரப்பர் குழாய், வெளியே வர ஒன்று. மெஷின் முழுக்கக் காந்தம், இரும்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஒரு திருகாணிகூட இல்லை. ஆறு சுட்டார். ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டு நாள் முழுக்க அளந்தார். நேற்றைய அளவும் இன்றைய அளவும் ஒத்துப்போகாத ஐந்தைத் தன் கையாலேயே உடைத்தார்.

மிஞ்சிய ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் கேட்டார், "மடியில என்னாங்க அது?"

"கிட்னி."

கண்டக்டரின் விசில் வாயிலிருந்து விழுந்தது. "யாரோடதுங்க?"

"யாரோடதும் இல்ல. பொதுவா செஞ்சது."

பக்கத்தில் இருந்த அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு எழுந்து போனார். சென்னை வரை எங்களுக்கு மூன்று பேர் உட்காரும் சீட்டு.

ஸ்கேன் அறையில் பெரிய சண்டை. "கோடி ரூபா மெஷின் பக்கத்துல தண்ணி வாளியா!" என்று ஸ்கேன் எடுப்பவர் கதவை மறித்தார். டாக்டர்தான் பொறுப்பேற்றுக்கொண்டு உள்ளே விட்டார். மர ஸ்டூல் மேல் பிளாஸ்டிக் வாளி. அதில் சிவப்புக் கோடு. வெளியே வரும் தண்ணீரை இவர் ஜாடியில் பிடித்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மெஷின் சொன்ன கணக்கு ஜாடியைவிட ரொம்பக் குறைவு. "இன்னொரு தபா" என்றார். மறுபடியும் அதே அளவு குறைவு. மூன்றாம் தடவையும் அப்படியே. மறுநாள் அடுத்த ஆஸ்பத்திரி. அங்கே ஜாடியும் மெஷினும் ஏறக்குறைய ஒன்று.

"அப்ப எங்க மெஷின்தான் தப்பா?" என்றார் டாக்டர், முகம் வாடி.

"மெசினு பாவம்மா. அது மூணு தபாவும் ஒரே மாதிரிதான சொல்லிச்சி? படத்த எடுத்துட்டு இந்தத் தம்பி என்னா பண்றாருன்னு பாக்கலாம்."

ஸ்கேன் எடுக்கும் தம்பி செய்தது இதுதான். படத்தில் குழாயைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் வரைவார். வட்டத்துக்குள் இருப்பதை மெஷின் கணக்குப் போடும். ஓரம் மங்கலாக இருந்தால் நம் தம்பி அதை விட்டுவிட்டுச் சின்னதாக வரைவார். அடுத்த ஆஸ்பத்திரியில் ஓரத்தையும் சேர்த்து வரைந்தார்கள். என் வலதுபக்கக் குழாய் வளைந்து போவதால் படம் மங்கல். அதில் பாதி ரத்தம் வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

அத்தோடு விடவில்லை. "சார், மொத தபா பட்டினியா போனீங்க. ரெண்டாந்தபா எளநி குடிச்சிட்டுப் போனீங்க. அதையும் சரி பண்ணணும்."

டாக்டரும் அவரும் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு விதி எழுதினார்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், எத்தனை நேரம் படுத்திருந்த பிறகு எடுக்க வேண்டும், வட்டத்தை எதுவரை வரைய வேண்டும், ஒருவர் வரைந்ததைப் பார்க்காமல் இன்னொருவர் வரைய வேண்டும், எல்லாம். அந்த விதிப்படி இரண்டு மெஷினிலும் என்னை மறுபடி எடுத்தார்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. குழாயில் சுருக்கம் இல்லை. ஆபரேஷன் தேவையில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், அழுத்தம் அடங்கியது.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் என் செருப்பைக் காலடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அந்தக் களிமண் கிட்னி அப்புறம் வைக்கோல் பொதிந்த பெட்டியில் எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. டாக்டர் அதை வெளிநாட்டுக் கூட்டத்துக்கும் எடுத்துப்போனார். போகுமுன் கடிதம் எழுதிக் கேட்டார், செய்தவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று. இவர் என்னைத்தான் பதில் எழுதச் சொன்னார்.

"எம் பேரு எதுக்கு சார். நம்மூரு தொட்டியாண்ட ஒக்காந்து கத்துக்கினது. ஊரு பேரு போடச் சொல்லுங்க."

அப்படியே அந்த ஒரு பக்க விதியின் அடியில் 'விருத்தாசலம்' என்று அச்சாகி எந்தெந்த நாட்டுச் சுவரிலோ ஒட்டப்பட்டிருக்கிறது. படிக்கிறவர்களுக்கு அது ஓர் ஊரின் பெயர். எனக்கு அது எங்கள் இன்னொருதபாவின் பெயர்.