செவலைக்கு உறை வாங்கப் போன கதை

அடுத்தவர் மாட்டின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவன் என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. (படித்ததே ஆறாம் வகுப்பு வரைக்கும்தான்.)

அறுபதுகளில் நான் ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்தேன். திண்டிவனத்தில் ஓட்டலில் தட்டு கழுவினேன். விழுப்புரத்தில் மூட்டை தூக்கினேன். செஞ்சிக்கு வந்தபோது, கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை முதலாளி தன் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாடு உண்டு, மூட்டைகளுக்கு நடுவில் படுக்க இடம் உண்டு, சம்பளம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாடு இருக்கும்வரை எனக்கும் அங்கே இடம் இருக்கும்.

மாட்டின் பெயர் செவலை. முதலாளி வீட்டில் ஒரு காதுகுத்து நடந்தது. மிஞ்சிய சோற்றை வீணாக்க மனசு வராமல் முதலாளியம்மா அண்டாவோடு கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். செவலையும் விருந்துக்கு வந்தவர்களைப் போலவே போதும் என்று சொல்லத் தெரியாமல் தின்றது. மறுநாள் வயிறு உப்பி, கால் தள்ளாடி, படுத்துவிட்டது.

முதலாளிக்குச் சோற்றின் மேல் சந்தேகம் வரவில்லை. கோட்டைச் சுவரோரம் குடியிருந்த பால்காரி கன்னியம்மா மேல்தான் வந்தது. அவள் மாட்டைவிடச் செவலை அதிகமாகக் கறப்பதால் கண் வைத்துவிட்டாள் என்றார்.

மாட்டு டாக்டர் வந்து ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினார். உப்புசம் வடிந்தது. ஆனால் செவலை வைக்கோலை மோந்துகூடப் பார்க்கவில்லை. அசை போடுவதும் நின்றுபோயிற்று. டாக்டர் மறுபடி வந்து, இடது விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டார்.

"வைக்கோலை மாடா செரிக்குதுன்னு நெனைச்சே?" என்றார் என்னிடம். "உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடி கோடியா இருக்குது. அதுங்கதான் செரிக்குது. சோறு புளிச்சதுல எல்லாம் செத்துப்போச்சு. உறை ஊத்தாம பால் தயிராவுமா? நல்ல மாடு அசை போடறப்ப நாக்கைப் புடிச்சிக்கினு அது வாயிலேர்ந்து எடுத்து, சூடு ஆறாம இது வாயில வையி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதுவரை நான் பார்த்த வைத்தியர்கள் எல்லாரும் வயிற்றுப் பூச்சியை வெளியே தள்ளத்தான் மருந்து கொடுத்தார்கள். பூச்சியை உள்ளே தள்ளச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். (எனக்குப் பூச்சி இருந்தால் பேதிமருந்து, மாட்டுக்கு இருந்தால் மரியாதையா?)

பக்கத்தில் இருந்த நல்ல மாடு கன்னியம்மாவுடையது. போய்க் கேட்கிறேன் என்றேன். முதலாளி தடுத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமைன்னா உறைமோரே தரமாட்டாளுங்க. மாட்டு வாயில இருக்கறதையா தருவா? நைசா எடுத்துக்கினு வா."

மாட்டை மயக்க ஒரு வெல்லக்கட்டியும் கொடுத்தார். செவலை போய்விட்டால் நான் பிறகு கடையில் இருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயம் பார்த்து ஊரெல்லாம் ஒரே பேச்சு. தோலுக்காக யாரோ வெல்லத்தில் விஷம் வைத்து மாடுகளைக் கொல்கிறார்களாம். அந்தப் பேச்சை நானும் டீக்கடையில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கேட்டவன்தான். இருந்தும் உச்சி வெயிலில், ஒரு கையில் வெல்லத்தோடு, கன்னியம்மாவின் மாட்டை நோக்கி நடந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மாடு கோட்டைச் சுவர் நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. தொண்டையில் உருண்டை ஏறி வருவதைப் பார்த்ததும், வெல்லத்தை மடியில் செருகிக்கொண்டு, பல் இல்லாத ஓரமாகக் கையை நுழைத்து, டாக்டர் சொன்னபடி நாக்கைப் பிடித்து, உருண்டையை அள்ளினேன். எடுத்தும் விட்டேன். திரும்பினால் கன்னியம்மா நிற்கிறாள், கையில் அரிவாளோடு. புல் அறுக்கத்தான் வைத்திருந்தாள். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை.

"இன்னாடா வச்ச, அது வாயில?"

வைக்கவில்லை, எடுத்தேன் என்றேன். அதற்குள் ஆடு மேய்ப்பவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். டாக்டர், பூச்சி, உறை என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இன்னும் கறுத்தது. என் துண்டாலேயே என்னை வேப்பமரத்தில் கட்டினார்கள். உருண்டை இருந்த கையை மட்டும் விட்டுவைத்து, மடியிலிருந்த வெல்லத்தை எடுத்து என் வாயருகே நீட்டினாள் கன்னியம்மா.

"வெல்லத்தைத் தின்னு."

தின்றேன். காலையிலிருந்து பட்டினி, சந்தோஷமாகவே தின்றேன்.

"கையில இருக்கறதையும் தின்னு."

தின்றேன். வெதுவெதுப்பு, புளிப்பு, நாலு நாள் ஊறிய கோணிச்சாக்கின் வாசம். மென்றுதான் விழுங்க வேண்டும் என்று ஒருவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

நான் சாகவில்லை. ஆனால் என் கை பட்ட அதிர்ச்சியில் மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டது. அந்த மாட்டுப் பாலில்தான் கன்னியம்மா வீட்டில் உலை கொதித்தது. மாடு வாயை அசைக்கும்வரை என்னை அவிழ்ப்பதில்லை, அசைக்காவிட்டால் அதற்கப்புறம் பேச்சே இல்லை என்றாள். எல்லாரும் மாட்டின் வாயையே பார்த்தார்கள். நடுநடுவே என் வாயையும் பார்த்தார்கள். நான் மாட்டிடம் மனசுக்குள் கெஞ்சினேன். அது என்னைச் சந்தேகமாகவே பார்த்தது.

நிழல் நகர்ந்து வெயில் என் காலில் ஏறிய பிறகு, மாடு பெருமூச்சு விட்டது. தொண்டையில் ஒரு உருண்டை ஏறியது. தாடை பக்கவாட்டில் அசைந்தது.

கன்னியம்மா வந்து கட்டை அவிழ்த்தாள். செவலைக்கு என்ன ஆயிற்று என்று இப்போதுதான் பொறுமையாகக் கேட்டாள். முதலாளி சொன்ன வெள்ளிக்கிழமைக் கணக்கையும் சேர்த்துச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, அறிவுகெட்டவனே. இன்னிக்கு வியாழக்கிழமதானே?"

தானே மாட்டின் வாயில் கை விட்டு, மாடு சிணுங்காமல், இரண்டு உருண்டை எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டு, இலையால் மூடிக் கொடுத்தாள். நான் ஓட்டமாக ஓடினேன். முதலாளி வாசலிலேயே மறித்தார். கன்னியம்மாவே எடுத்துக் கொடுத்தாள் என்றதும் அவர் முகம் மாறியது.

"அவ ஏன் சும்மா குடுக்கறா?" கொட்டாங்குச்சியை உற்றுப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "நீ கொஞ்சம் தின்னு காட்டு."

மிச்சத்தைச் செவலையின் வாயைப் பிளந்து உள்ளே தள்ளினேன். மறுநாளும் கன்னியம்மா கொடுத்தனுப்பினாள், வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல். இரண்டொரு நாளில் செவலை வைக்கோலை இழுத்தது, அசை போட்டது. நான் அடுத்த ஊருக்குக் கிளம்பும்வரை அது என்னைத் தன் வாய்ப்பக்கம் அண்டவிடவில்லை.

இந்தக் கதையை என் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் நேற்றைய குழம்பு, புளித்த மாவு, எதில் சந்தேகம் வந்தாலும் முதல் வாய் எனக்குத்தான். "ரெண்டு தடவை தின்னு ருசுப்பிச்ச ஆளு" என்று தட்டை என் முன்னால் தள்ளுவாள். பிள்ளைகளும் மருமகளும் பேரன்களும் சுற்றி உட்கார்ந்து என் தாடையையே பார்ப்பார்கள். நானும் அவசரப்படாமல் மென்று காட்டுகிறேன்.